கலர் பேலட் கருவிகள் ஆறு: வெளிச்சக் கணக்கை வைத்து ஒரு மதிப்பீடு

ஒரு செயலிக்கோ வலைத்தளத்துக்கோ தேவைப்படும் நிறங்கள் ஐந்தோடு முடிவதில்லை. முதன்மை நிறம் ஒன்று, சாம்பல் ஒன்று, வெற்றி, எச்சரிக்கை, பிழை என மூன்று. ஒவ்வொன்றுக்கும் வெளிறியதில் தொடங்கி இருண்டது வரை பத்துப் படிகள். ஆக மொத்தம் 50. எந்த எழுத்தை எந்தப் பின்னணியில் வைத்தால் படிக்க முடியும் என்ற கணக்கும் அதோடு சேர வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பேலட் (நிறத் தொகுப்பு) கருவிகளில் பல, ஐந்து அழகான சதுரங்களைக் கொடுத்துவிட்டு நின்றுவிடுகின்றன. மிச்சம் 45-ஐ டெவலப்பர் ஸ்லைடரை இழுத்து இழுத்துக் குத்துமதிப்பாக நிரப்புகிறார். "பட்டனில் எழுத்தே தெரியவில்லை" என்ற புகார் பிறப்பது அந்த 45-இல்தான்.

அதனால் இங்கே ஒரு கருவியை எடைபோட இரண்டே கேள்விகள். அது லைட்னஸை, அதாவது கண்ணுக்குத் தெரியும் வெளிச்ச அளவை, எப்படிக் கணக்கிடுகிறது? கருவி புதுப்பிக்கப்பட்ட பிறகும் பழைய பேலட் பழைய பேலட்டாகவே திறக்கிறதா? கூலர்ஸ், அடோபி கலர், கலர்புரூவர், லியோனார்டோ, எவில் மார்ஷன்ஸ் நிறுவனத்தின் ஓகேஎல்சிஎச் பிக்கர், கூகுளின் மெட்டீரியல் தீம் பில்டர் ஆகிய ஆறையும் இந்தக் கேள்விகளோடு பார்க்கலாம். நிறச்சக்கரம் எவ்வளவு வழுவழுப்பாகச் சுழல்கிறது என்பதற்கு இங்கே மதிப்பெண் இல்லை.

எச்எஸ்எல் சொல்லும் 50

நிறத்தைச் சாயல், செறிவு, லைட்னஸ் என்ற மூன்று எண்களால் எழுதும் எச்எஸ்எல் முறையில் சுத்த மஞ்சள் 60, 100%, 50%. சுத்த நீலம் 240, 100%, 50%. இரண்டுக்கும் லைட்னஸ் 50 என்றே எழுதியிருக்கும். ஆனால் இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி தரநிலையின் சூத்திரப்படி மஞ்சளின் ஒளிர்வு 0.928, நீலத்தின் ஒளிர்வு 0.072. வெள்ளைப் பின்னணியில் அந்த மஞ்சளின் கான்ட்ராஸ்ட், அதாவது இரண்டு நிறங்களின் வெளிச்ச விகிதம், 1.07 மட்டுமே, நீலத்துக்கோ 8.59. ஒரே எண்ணைச் சுமக்கும் இரண்டு நிறங்களில் ஒன்றைப் படிக்கவே முடியாது, மற்றொன்று பளிச்சென்று தெரியும்.

காரணம் எளிது. எச்எஸ்எல் என்பது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டி இரண்டால் வகுத்து அதையே லைட்னஸ் என்கிறது. கண் அப்படிப் பார்ப்பதில்லை. ஒளிர்வுக் கணக்கில் பச்சையின் பங்கு 0.7152, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு வெறும் 0.0722. இந்த எடையை விட்டுவிட்டு, "லைட்னஸை 10 விழுக்காடு குறைத்து அடுத்த ஷேட் எடு" என்று எழுதிய கருவி, நீலத்துக்கு ஒரு ஏணியும் மஞ்சளுக்கு வேறொரு ஏணியும் கட்டிவிடும். இரண்டிலும் ஐந்தாம் படியில் நின்றால் உயரம் ஒன்றாக இருக்காது. பிழைச் செய்திக்கு 600 என்று எண்ணிட்ட படி, எச்சரிக்கைக்கும் 600 என்று நம்பிப் போட்டவருக்கு ஒன்று தெரியும், ஒன்று தெரியாது.

இதைச் சரிசெய்யும் நிறவெளிகள் உண்டு. 2020 டிசம்பரில் பியோர்ன் ஓட்டோசன் வெளியிட்ட ஓகேலேப், அதன் வட்ட வடிவமான ஓகேஎல்சிஎச் ஆகியவை இன்று பரவலாகப் பயன்படுகின்றன. அதே மஞ்சளுக்கு அங்கே லைட்னஸ் 0.968, நீலத்துக்கு 0.452. எண்ணைப் பார்த்தாலே எது வெளிச்சம் என்று தெரிந்துவிடுகிறது. வலைப்பக்கத் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியின் நிறத் தரநிலையான சிஎஸ்எஸ் கலர் 4 இதை ஏற்றது. சஃபாரி 15.4 பதிப்பு 2022-இலும், குரோம் 111, ஃபயர்ஃபாக்ஸ் 113 ஆகியவை 2023-இலும் ஆதரவைக் கொண்டுவந்தன. அதற்குப் பிறகும் எச்எஸ்எல்-ஐ மட்டும் வைத்து ஷேட் தயாரிக்கும் கருவியைப் புதுப்பிக்கப்பட்ட கருவி என்று சொல்ல முடியாது, முகப்புப் பக்கம் எவ்வளவு புதிதாக மின்னினாலும்.

நம்புமுன் செய்ய வேண்டிய சோதனை

எந்தக் கருவியைத் திறந்தாலும் ஐந்து நிமிடத்தில் அதன் தரத்தைக் கண்டுபிடிக்கலாம். முதலில் #777777 என்ற ஹெக்ஸ் எண் (சிவப்பு, பச்சை, நீல அளவுகளை ஆறு இலக்கத்தில் எழுதும் முறை) கொண்ட சாம்பலை வெள்ளைப் பின்னணியில் போட்டுப் பாருங்கள். உண்மையான கான்ட்ராஸ்ட் 4.48. சாதாரண எழுத்துக்கு வேண்டியது 4.5, தரநிலை விளக்கம் மேல்நோக்கி முழுமையாக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. கருவி 4.5 என்று காட்டிப் பச்சை டிக் போட்டால், அது எண்ணை முழுமையாக்கிவிட்டுப் பிறகு ஒப்பிடுகிறது. ஒப்பிட்ட பிறகுதான் முழுமையாக்க வேண்டும். #767676 என்று ஒரு படி இருட்டினால் 4.54, அது தேறும்.

அடுத்து #663399 என்று கொடுங்கள். சிஎஸ்எஸ்-இல் 2014-இல் சேர்ந்த ரெபெக்காபர்ப்பிள் இதுதான். ஓகேஎல்சிஎச் எண்கள் (லைட்னஸ், க்ரோமா எனும் நிறச்செறிவு, சாயல்) 44.03%, 0.1603, 303.37 என்று வர வேண்டும். வெள்ளையில் கான்ட்ராஸ்ட் 8.41. ஓகேஎல்சிஎச் எண்களைக் காப்பி செய்து மறுபடி அதே பெட்டியில் ஒட்டினால் #663399 திரும்பி வர வேண்டும். 44%, 0.16, 303 என்று நறுக்கிக் கொடுக்கும் கருவியில் திரும்பி வரும் ஹெக்ஸ் ஓரிரு எண்கள் நகர்ந்துபோகும். பிராண்ட் நிறம் என்று வாடிக்கையாளர் கொடுத்த எண் மாறியிருப்பதை முதலில் கண்டுபிடிப்பவர் அந்த வாடிக்கையாளராகத்தான் இருப்பார்.

பிறகு சுத்த நீலத்திலிருந்து சுத்த மஞ்சளுக்கு ஒரு கிரேடியன்ட். நடுவில் #808080 என்ற செத்த சாம்பல் வந்தால், கருவி ஆர்ஜிபி எண்களை நேரடியாகச் சராசரி எடுக்கிறது. ஓகேலேபில் நடு இன்னும் வெளிச்சமாக வரும். நீலத்திலிருந்து வெள்ளைக்கும் ஒன்று போட்டுப் பாருங்கள். நடுவில் ஊதா எட்டிப்பார்த்தால் அது பழைய சிஐஇ லேப் நிறவெளி. நீலப் பகுதியில் அதற்கு அந்தக் குறை உண்டு. ஓகேலேப் உருவானதற்கு ஒரு காரணமே அந்த ஊதாதான்.

உள்ளீட்டுப் பெட்டியையும் விட்டுவிடாதீர்கள். #369 என்றால் #336699 ஆக விரிய வேண்டும். #33669980 என்றால் கடைசி 80-ஐ ஒளிபுகும் அளவாக, ஏறக்குறைய 50 விழுக்காடாக, எடுத்துக்கொள்ள வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் இதில் தவறும் கருவியில் மற்றக் கணக்குகளும் கவனமின்றி எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கலாம்.

கூலர்ஸ், அடோபி கலர்

கூலர்ஸின் பலம் வேகம். ஸ்பேஸ்பாரைத் தட்டினால் புதிய நிறங்கள், பிடித்ததைப் பூட்டிவிட்டு மறுபடி தட்டினால் மற்றவை மட்டும் மாறும். யோசனை வராமல் உட்கார்ந்திருக்கும்போது இதைவிடச் சுலபமான வழி இல்லை. இன்னொரு நல்ல முடிவையும் இந்தக் கருவி ஆரம்பத்திலேயே எடுத்திருக்கிறது: பேலட்டின் இணைப்பு முகவரியிலேயே ஹெக்ஸ் எண்கள் ஹைஃபன் இட்டு வரிசையாக இருக்கின்றன. கருவியே நாளை இல்லாமல் போனாலும் அந்த முகவரியைப் படித்தே நிறங்களை மீட்டுவிடலாம். இந்த விஷயத்துக்குப் பின்னால் மறுபடி வருவோம்.

குறை என்னவென்றால், வரும் ஐந்து நிறங்களில் எது பின்னணி, எது எழுத்து, எது பட்டன் என்ற பாத்திரப் பிரிவு இல்லை. ஐந்தும் ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தில் வந்து நின்றால் பக்கத்துப் பக்கத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று எழுத்தாக வைத்தால் எதுவும் தெரியாது. கான்ட்ராஸ்ட் சரிபார்க்கும் பக்கம் தனியாக இருக்கிறது. அங்கே ஒவ்வொரு ஜோடியாகப் போட்டுப் பார்க்கும் பொறுமை வேண்டும்: ஐந்து நிறத்துக்குப் பத்து ஜோடிகள். இந்தக் கருவியைத் தொடக்கப் புள்ளிக்கு மட்டும் வைத்துக்கொள்வதே சரி. ஒரே ஒரு சாயலைத் தேர்ந்து வெளியே வந்துவிடுங்கள்.

அடோபி கலர் 2006-இல் குலர் என்ற பெயரில் வந்தது. இதுவும் ஐந்து நிறங்கள்தான். எதிர்நிறம், முக்கோணம், அடுத்தடுத்த நிறம் என்ற சக்கர விதிகளை வைத்து வேலை செய்கிறது. அதன் சக்கரம் ஓவியர்களின் மரபுச் சக்கரத்தை ஒட்டியது: சிவப்புக்கு எதிரே பச்சை. ஆர்ஜிபி கணக்கில் சிவப்புக்கு எதிரே வருவது சயான். கருவிக்குக் கருவி "எதிர்நிறம்" வேறுபடுவது ஏன் என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான். எந்தச் சக்கரம் என்று கேட்காமல் எதிர்நிறம் எது என்று கேட்பதில் பயனில்லை.

படத்திலிருந்து நிறம் எடுக்கும் பகுதி அடோபி கலரில் நன்றாக இருக்கிறது. பளிச்சென்றது, மங்கலானது, ஆழமானது, இருண்டது என்று மனநிலையை மாற்றித் தேரலாம். இந்த வசதி முக்கியம். வெறுமனே அதிகப் பரப்பைப் பிடித்த நிறங்களை எடுக்கும் கருவிகளில், பாதிப் படம் வானமாக இருந்தால் மூன்று நீலங்கள் வந்து நிற்கும். படத்தின் உயிரான அந்தச் சின்னச் சிவப்புக் குடை வரவே வராது. நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு எந்த இரண்டு நிறங்கள் ஒன்றாகத் தெரியும் என்று கோடிட்டுக் காட்டும் பக்கமும் இதில் உண்டு. ஐந்து நிறத்துக்கு அது நல்ல துணை. 50 நிற ஏணி கட்டும் வேலைக்கு இந்தக் கருவி உதவாது.

கலர்புரூவர்: மாறாததே அதன் பலம்

வரைபடத்துக்கும் விளக்கப்படத்துக்கும் நிறம் வேண்டுமென்றால் வேறு எங்கும் போக வேண்டாம். நிலப்படவியல் பேராசிரியர் சிந்தியா புரூவரும் மார்க் ஹாரோவரும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய கலர்புரூவர் இன்றும் அந்த வேலைக்கு முதல் தேர்வு. மொத்தம் 35 திட்டங்கள்: ஏறுவரிசை 18, இருபக்கம் விரியும் வகை 9, தனித்தனி வகைகளுக்கானவை 8. உங்கள் தரவு குறைவிலிருந்து அதிகத்துக்குப் போகிறதா, ஒரு நடுப்புள்ளியிலிருந்து இருபுறமும் விலகுகிறதா, ஒன்றோடொன்று வரிசையே இல்லாத வகைகளா என்று முதலில் கேட்கிறது. பேலட் கருவி கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்பதெல்லாம் அதற்கப்புறம்.

எத்தனை படிகள் என்பதை 3-லிருந்து 12 வரை தேரலாம். நிறக்குறைபாட்டுக்கு ஏற்றது, அச்சுக்கு ஏற்றது, நகலெடுத்தாலும் பிரிந்து தெரிவது என்று மூன்று வடிகட்டிகள். தனித்தனி வகைத் திட்டங்களில் முதல் வடிகட்டியைப் போட்டுக்கொண்டு நான்கு நிறத்துக்கு மேல் போனால் எதுவும் மிஞ்சாது. அந்த வெற்றிடத்தைக் குறையாகப் பார்க்கக் கூடாது. பத்து வகைகளை நிறத்தால் மட்டும் பிரிக்க முயலாதே, கோடுபோடு, பெயரை அருகிலேயே எழுது என்று கருவி சொல்கிறது. எதையாவது கொடுத்து அனுப்பாமல் "இல்லை" என்று சொல்லத் தெரிந்த கருவி இது.

இதன் திட்டங்கள் டி3, ஆர், மேட்பிளாட்லிப் போன்ற தரவு வரைபட மென்பொருள்களில் எங்கும் அதே பெயரில் கிடைக்கின்றன. பல ஆண்டுகள் கழித்தும் அதே பெயருக்கு அதே எண்கள். எட்டு நிறம் கட்டாயம் வேண்டுமென்றால் இதற்கு வெளியே, நிறக்குறைபாடு உள்ளவர்களையும் நினைத்து உருவான ஓகாபே–இட்டோ தொகுப்பைப் பாருங்கள்: கறுப்போடு சேர்ந்து ஆரஞ்சு 230, 159, 0, வான்நீலம் 86, 180, 233, நீலம் கலந்த பச்சை 0, 158, 115, மஞ்சள் 240, 228, 66, நீலம் 0, 114, 178, செந்தூரச் சிவப்பு 213, 94, 0, சிவப்பு கலந்த ஊதா 204, 121, 167. ஆனால் அந்த மஞ்சளில் வெள்ளைப் பின்னணியில் மெல்லிய கோடு வரைய வேண்டாம், தெரியாது.

லியோனார்டோ: கேள்வியைத் திருப்பிப் போட்ட கருவி

ஆறில் இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். அடோபியில் உருவாகித் திறமூலமாக வந்த லியோனார்டோ, நிறத்தைக் கொடுத்துக் கான்ட்ராஸ்டைக் கேட்கும் வழக்கத்தைத் தலைகீழாக்கியது. இங்கே பின்னணி நிறத்தையும் வேண்டிய கான்ட்ராஸ்ட் எண்களையும் நீங்கள் கொடுக்கிறீர்கள். அந்த எண்களுக்குப் பொருந்தும் நிறங்களை அது கொடுக்கிறது.

பயன்படுத்தும் வழி இப்படி. பின்னணி வெள்ளை என்று வையுங்கள். முதன்மைச் சாயலுக்கு ஒரு மூலநிறம் கொடுங்கள். இலக்கு எண்களாக 1.1, 1.3, 2, 3, 4.5, 7, 11 என்று போடுங்கள். 1.1-உம் 1.3-உம் பெட்டிகளின் மெல்லிய பின்புலத்துக்கு. 3 என்பது பெரிய எழுத்துக்கும் உள்ளீட்டுப் பெட்டியின் விளிம்பு, ஐகான் ஆகியவற்றுக்கும்; 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 அவற்றுக்கும் அந்த அளவைக் கட்டாயமாக்கியது. பெரிய எழுத்து என்றால் 24 பிக்சல், அல்லது தடித்ததாக இருந்தால் 18.66 பிக்சல் முதல். 4.5 சாதாரண எழுத்துக்கு, 7 உயர்தரத்துக்கு. அதே எண் வரிசையைச் சாம்பல், சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாவற்றுக்கும் கொடுத்தால், எல்லா ஏணிகளிலும் ஒரே படி ஒரே உயரத்தில் நிற்கும். மேலே சொன்ன 600 எண் குழப்பம் இங்கே பிறப்பதற்கே வழியில்லை.

கேட்டது 4.5, கிடைத்தது 4.54 என்று வருவதைப் பார்த்துக் கருவியில் பிழை என்று நினைக்க வேண்டாம். 8 பிட் ஹெக்ஸில் (ஒவ்வொரு கூறுக்கும் 0 முதல் 255 வரை மட்டும்) சாம்பல் படிகள் எண்ணி வைத்தவை: #757575 என்றால் 4.61, #767676 என்றால் 4.54, #777777 என்றால் 4.48. சரியாக 4.50 தரும் சாம்பல் இல்லவே இல்லை. பெரும்பாலும் ஒரு படி மேலே உள்ளதைத் தருவது சரியான முடிவு.

எது கெடும் என்றால், மஞ்சள். வெள்ளையில் 4.5 வேண்டுமென்று மஞ்சளைக் கேட்டால் பாசி பிடித்த பழுப்பு வரும். அது கருவியின் தவறு இல்லை. இருண்ட மஞ்சள் என்று ஒன்று கண்ணுக்குக் கிடையாது. வழி என்னவென்றால், மூலநிறமாக ஒன்றுக்குப் பதில் இரண்டு கொடுப்பது: வெளிறிய முனைக்கு மஞ்சள், இருண்ட முனைக்குச் செம்மண் பக்கம் சாய்ந்த ஆரஞ்சு. டெயில்விண்ட் என்ற சிஎஸ்எஸ் கருவித்தொகுப்பின் பதிப்பு 4-இல் உள்ள மஞ்சள் ஏணியைக் கவனியுங்கள். ஓகேஎல்சிஎச் சாயல் எண் வெளிறிய முனையில் 102, 900-ஆம் படியில் 58-க்கு இறங்கியிருக்கும். சாயலை ஒரே எண்ணில் கட்டிப்போட்டு லைட்னஸை மட்டும் நகர்த்தும் எந்தக் கருவியிலும் மஞ்சள் அழகாக வராது.

எந்த நிறவெளியில் இடைநிறங்களைக் கணக்கிட வேண்டும் என்பதையும் லியோனார்டோ நம் கையில் விடுகிறது. புதியவர்களுக்கு அந்தப் பட்டியல் மிரட்சியாக இருக்கும்; ஓகேஎல்சிஎச் அல்லது ஓகேலேப் என்று வைத்துவிட்டு மற்றதை மறந்துவிடலாம். பின்னணியின் லைட்னஸ் ஸ்லைடரை இருட்டுக்கு இழுத்தால் எல்லா நிறங்களும் அதே கான்ட்ராஸ்ட் இலக்குகளோடு மறுபடி பிறக்கின்றன. டார்க் மோடுக்கு இதைவிட நேரான வழி கிடையாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: டபிள்யூசிஏஜி 2 சூத்திரம் இருண்ட ஜோடிகளுக்குத் தேவைக்கு மேல் தாராளமாக எண் கொடுக்கும். எனவே இருண்ட பின்னணியில் 4.5 என்று வந்தாலும் கண்ணுக்கு மங்கலாக இருக்கலாம். அங்கே இலக்கை 5.5 அல்லது 6 ஆக ஏற்றி வையுங்கள். ஏபிசிஏ என்ற மாற்றுச் சூத்திரமும் கருவியில் இருக்கிறது. அது இருட்டைச் சரியாக அளக்கிறது, ஆனால் தரநிலை ஆகவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், சான்றாகக் காட்ட வேண்டாம்.

ஓகேஎல்சிஎச் பிக்கரும் திரைக்கு வெளியே விழும் நிறமும்

ஓகேஎல்சிஎச்-க்கு மாறிய கருவிகளில் புதிதாக ஒரு கோளாறு முளைக்கிறது. லைட்னஸ் 0.90, சாயல் 264 என்ற வெளிறிய நீலத்தில் எஸ்ஆர்ஜிபி (வழக்கமான திரைகளின் நிற வரம்பு) திரை காட்டக்கூடிய க்ரோமா சுமார் 0.05 தான். கருவி அங்கே 0.20 என்று போட அனுமதித்தால் எண் இருக்கிறது, நிறம் இல்லை. பிறகு அதை ஹெக்ஸாக மாற்றும்போது 255-ஐத் தாண்டிய கூறுகளை வெறுமனே வெட்டினால் சாயலும் லைட்னஸும் இரண்டுமே நகர்ந்துவிடும். பத்துப் படிக்கும் ஒரே க்ரோமா கொடுத்துவிட்டு, "மேல் இரண்டு படிகள் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன" என்று கேட்பவர்களுக்கு நடப்பது இதுதான். லைட்னஸையும் சாயலையும் பிடித்துக்கொண்டு க்ரோமாவை மட்டும் திரைக்குள் வரும்வரை குறைப்பதே சிஎஸ்எஸ் கலர் 4 காட்டும் வழி.

எவில் மார்ஷன்ஸின் பிக்கர் இதைக் கண்ணுக்கே காட்டிவிடுகிறது. லைட்னஸ், க்ரோமா, சாயல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம். எஸ்ஆர்ஜிபி எல்லை எங்கே முடிகிறது, அகன்ற நிற வரம்பு கொண்ட பி3 திரையில் மட்டும் தெரியும் பகுதி எது, எங்கே எதுவுமே இல்லை என்று வெற்றிடமாக விட்டுவிடுகிறது. பி3 நிறத்தைத் தேர்ந்தால் பழைய திரைக்கான மாற்று நிறத்தையும் கூடவே தருகிறது. ஒற்றை நிறத்தைச் செதுக்க இதைவிட நல்ல இடம் இல்லை. முழு ஏணி கட்ட இது போதாது. அதற்கு மறுபடி லியோனார்டோதான். ஏணி கட்டும்போது க்ரோமா நடுப் படிகளில் உச்சம் தொட்டு இரு முனைகளிலும் இறங்க வேண்டும் என்பது இந்த வரைபடங்களைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

மெட்டீரியல் தீம் பில்டர்

ஆண்ட்ராய்டுக்கு எழுதுகிறவர்கள் வேறு யோசனையின்றி இதை எடுக்கலாம். ஒரு மூலநிறத்திலிருந்து ஆறு ஏணிகளை உருவாக்கி, பாத்திரங்களும் பிரித்துக் கொடுக்கிறது. இதன் டோன் என்ற அளவு 0 முதல் 100 வரை. சிஐஇ லேபின் லைட்னஸே அது. இரண்டு டோன்களுக்கு நடுவே 40 இடைவெளி இருந்தால் 3:1, 50 இருந்தால் 4.5:1 என்பது அதன் விதி. மனக்கணக்காகவே கான்ட்ராஸ்டைச் சொல்லிவிட முடிவது பெரிய வசதி. ஒரே ஒரு ஓட்டை உண்டு: டோன் 100-க்கும் 50-க்கும் நடுவே கணக்கிட்டால் 4.48 தான் வருகிறது. வெள்ளையில் எழுத்துக்கு 49-ஐ எடுங்கள்.

முதன்மை நிறம் பகல் தீமில் டோன் 40-இல் வந்து உட்காரும் என்பதால், நீங்கள் கொடுத்த பிராண்ட் நிறம் அப்படியே பட்டனில் வராது. பலரை இது திடுக்கிட வைக்கிறது. மூலநிறத்துக்கு உண்மையாக இரு என்ற தேர்வு கருவியிலேயே இருக்கிறது. அதைப் போட்டால் கான்ட்ராஸ்டை நீங்களே மறுபடி சரிபார்க்க வேண்டும்.

நிறக்குறைபாட்டு முன்னோட்டம்: பொய்யான கண்ணாடி

வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு–பச்சை வேறுபாட்டில் குறை உண்டு. அதனால் பல கருவிகளில் முன்னோட்டப் பட்டன் இருக்கிறது. அதன் தரம் ஏறுமாறாக இருக்கிறது. சோதிக்க ஒரு வழி: வெள்ளையையும் #808080-ஐயும் கொடுத்துப் பாருங்கள். எந்த வகை முன்னோட்டத்திலும் வெள்ளை வெள்ளையாக, சாம்பல் சாம்பலாக இருக்க வேண்டும். லேசாகச் சாயம் ஏறினாலும், நிறத்தை மாற்றும் எண் அட்டவணையான மேட்ரிக்ஸ் தவறு. இரண்டாவது தவறு கண்ணில் படாதது: மேட்ரிக்ஸை உண்மையான ஒளி அளவுக்கு நேர்விகிதமான எண்களின்மேல் போடாமல் ஹெக்ஸ் எண்களின்மேல் நேரடியாகப் போடுவது. அப்போது நிறக்கலப்பின் வெளிச்ச அளவு பிசகும். சந்தேகம் வந்தால் குரோமின் டெவ்டூல்ஸில் உள்ள நிறக்குறைபாட்டு முன்னோட்டத்தோடு ஒப்பிடுங்கள். 83-ஆம் பதிப்பிலிருந்தே அது இருக்கிறது.

புதுப்பிப்பு என்றால் என்ன மாற வேண்டும், எது மாறக் கூடாது

இனிக் கூலர்ஸின் முகவரிக்கு வருவோம். அந்த முகவரி விடையைச் சேமிக்கிறது: ஹெக்ஸ் எண்கள். லியோனார்டோவின் முகவரி செய்முறையைச் சேமிக்கிறது: மூலநிறம், இலக்கு எண்கள், நிறவெளி. விடை எத்தனை புதுப்பிப்பு வந்தாலும் மாறாது, ஆனால் அதைத் திருத்தி வளர்க்க முடியாது. செய்முறையைத் திருத்தலாம், ஆனால் உள்ளே சூத்திரம் ஒரு தசமம் மாறினாலும் விடை மாறும். இரண்டையும் சேர்த்துச் சேமிக்கும் கருவிதான் முழுமையானது. அப்படி ஒன்று கிடைக்கும்வரை நீங்கள் செய்ய வேண்டியது: இணைப்பை மட்டும் நம்பாமல் சிஎஸ்எஸ் மாறிகளாகவோ டிசைன் டோக்கனாகவோ (பெயரிட்ட நிறமதிப்புகளின் கோப்பு) எக்ஸ்போர்ட் செய்து, நிரலோடு சேர்த்து கிட் என்ற பதிப்புச் சேமிப்பில் வைத்துவிடுவது.

லாகின் இல்லாமல் "சேமிக்கப்பட்டது" என்று சொல்லும் கருவிகள் பெரும்பாலும் பிரௌசரின் உள் சேமிப்பில்தான் வைக்கின்றன. சஃபாரியில், பயனர் அந்தத் தளத்தைத் தொடாமல் ஏழு நாள் பிரௌசர் பயன்பாடு கடந்தால் அது துடைக்கப்பட்டுவிடும். பேலட் காணாமல் போனது என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பெரிய நிறுவனங்களின் புதுப்பிப்பிலும் இந்தச் சிக்கல் உண்டு. 2022 இறுதியில் அடோபி செயலிகளிலிருந்து பான்டோன் என்ற அச்சு நிற நிறுவனத்தின் நிற நூலகங்கள் பெரும்பாலும் நீக்கப்பட்டபோது, சில பழைய கோப்புகளில் அந்த நிறங்கள் இருந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது. டெயில்விண்ட் 2025 ஜனவரியில் பதிப்பு 4-இல் தன் பேலட் முழுவதையும் ஓகேஎல்சிஎச்-க்கு மாற்றியது. பெயர் அதே, எண் வேறு. ஆனால் அது பெரிய பதிப்பு எண்ணோடு வந்தது, பழைய எண்களை விரும்பியவர் பழைய பதிப்பிலேயே இருக்க முடிந்தது. அதுதான் முறை.

சொந்தமாகப் பேலட் கருவி எழுதுகிறவர்கள், வைத்திருப்பவர்கள் இதைச் செய்யலாம். நிறமாற்றக் கணக்கைக் கையால் எழுதாமல் கலர்.ஜேஎஸ் அல்லது குலோரி நூலகத்தை எடுங்கள். உள்ளே எல்லாம் தசம எண்ணாகவே ஓடட்டும்; 8 பிட்டுக்கு முழுமையாக்குவது கடைசி வரியில் மட்டும். ஒளிர்வுச் சூத்திரத்தில் எல்லை 0.03928-ஆ 0.04045-ஆ என்ற பழைய சண்டைக்கு நேரம் செலவிட வேண்டாம். 8 பிட் நிறங்களில் 10-க்கும் 11-க்கும் நடுவேதான் இரண்டு எல்லையும் விழுகின்றன, விடை மாறாது. பகிரும் இணைப்பில் செய்முறை, ஹெக்ஸ் விடை, சூத்திரத்தின் பதிப்பு எண் மூன்றும் இருக்கட்டும்.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் 20 மூலநிறங்கள் கொண்ட நிலையான பட்டியல் ஒன்றைப் பழைய கணக்கிலும் புதிய கணக்கிலும் ஓட்டுங்கள். சுத்த மஞ்சள், சுத்த நீலம், #663399, #777777, கறுப்பு, வெள்ளை ஆகியவை அதில் கட்டாயம் இருக்க வேண்டும். ஓகேலேப் தூரத்தில் வேறுபாடு 0.02-க்கு உள்ளே இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கான்ட்ராஸ்ட் இலக்குகளை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியிடலாம். தாண்டினால் பதிப்பு எண்ணை ஏற்றுங்கள். பழைய இணைப்பில் வருபவருக்குப் பழைய கணக்கே ஓடட்டும். பக்கத்தில் "புதிய முறையில் பார்" என்று ஒரு பட்டன் வையுங்கள்; அழுத்துவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்வார்.